லைட்டு எரியுது, வெளிச்சம் வரலை

தொப்பூர் கணவாயில் வண்டி இறங்க ஆரம்பித்ததும் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். ஓசூர் தாண்டியதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர். எந்த வளைவில் எந்த வருஷம் எந்த லாரி கவிழ்ந்தது, தர்மபுரியில் எந்தக் கடையில் ராத்திரி இரண்டு மணிக்கும் சூடாகத் தோசை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மெல்ல முன்னால் நகர்ந்து, டேஷ்போர்டில் ஒரு கையை ஊன்றி ரோட்டையே பார்க்க ஆரம்பித்தார். லேசான தூறல். மணி பதினொன்றரை இருக்கும். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எனக்கும் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அதை நான் மழையின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

“மாப்ளே, லைட்டு போட்டிருக்கியா?”

“போட்டுத்தான் இருக்குதுங்க மாமா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “எரியுது, எனக்கும் தெரியுது. வெளிச்சம் வரலையே” என்றார்.

நாமக்கல் லாரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர். அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு குறை சொல்லாமல் இருக்க மாட்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே கிளட்சின் ஆயுளைச் சொல்லிவிடுவார். அதனால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு ஓட்டினேன். ஆனால் பெங்களூர் திரும்பிய பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. எரிகிறது, வெளிச்சம் வரவில்லை. அப்படியானால் அந்த வெளிச்சம் எங்கே போகிறது?

முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். நாற்பத்தாறு வயதாகிறது, இரவு ஓட்டுவதற்குச் சிரமமாக இருந்தால் கண்ணைக் குறை சொல்வதுதான் நியாயம். அல்சூரில் ஒரு கடையில் பரிசோதித்தார்கள், கால் பாயிண்ட் மாறியிருந்தது. புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளிவட்டச் சாலையில் ஓட்டினேன். கடைகளின் பெயர்ப்பலகைகள் கூர்மையாகத் தெரிந்தன, ரோடு மட்டும் பழையபடி இருந்தது. அடுத்து எதிரில் வருகிறவர்கள். இதில் நம் எல்லோருக்கும் ஒரே கருத்துதான்: ஊரில் ஒருத்தனுக்கும் டிம் அடிக்கத் தெரியாது, எல்லாரும் ஹை பீமில் கண்ணைக் குத்துகிறார்கள். இது உண்மைதான் என்பதால் இதில் நீண்ட நாள் தங்கிவிட முடிந்தது.

மூன்றாவதாகத்தான் பல்பு. ஜேசி ரோட்டில் ஒரு கடையில், நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் 100/90 வாட் பல்பு இரண்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். என் வண்டியில் வரும் ஹெச்4 பல்பு 60/55 வாட். ஹை பீமுக்கு 60, டிம்முக்கு 55. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளிச்சம் என்று நினைத்து வாங்கி மாட்டினேன். ரோட்டில் கொஞ்சம் மஞ்சள் கூடியது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து பானெட்டைத் திறந்தால் சூடான பிளாஸ்டிக் வாடை. பல்பின் பின்னால் மாட்டுகிற வெள்ளை ஹோல்டர், ஒரு பக்கம் டீக்கறை பிடித்த மாதிரி பழுப்பாகியிருந்தது. 60 வாட்டுக்குப் போட்ட வயரில் 100 வாட் இழுத்தால் வேறென்ன ஆகும். பழைய பல்பையே திரும்ப மாட்டினேன். ஹோல்டருக்கு எண்பது ரூபாய் தண்டம்.

விஷயம் பிடிபட்டது ஒரு கரன்ட் போன இரவில். முருகேஷ்பாளையாவில் எங்கள் தெருவில் மழை வந்தால் கரன்ட் போவது சடங்கு. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். காரில் ஏதோ எடுக்கப் போயிருந்த என் மகள், அப்பா இருட்டில் வருகிறாரே என்று ஹெட்லைட்டைப் போட்டாள். நான் என் காரின் முன்னால், எரிகிற ஹெட்லைட்டுக்கு எதிரே, பத்தடி தூரத்தில் நின்றேன். பதினோரு வருஷமாக இந்தக் காரை வைத்திருக்கிறேன். அப்படி ஒருமுறைகூட நின்றதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. இடது விளக்கு முழுவதும், விளிம்பிலிருந்து விளிம்பு வரை, மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் காகித நட்சத்திரத்துக்குள் பல்பு எரிகிற மாதிரி. கண் கூசியது. குனிந்து பார்த்தால், காருக்கு முன்னால் இருந்த ரோட்டுக் குழி தெரியவில்லை.

வெளிச்சம் எங்கே போகிறது என்று கேட்டேனே, அது என் கண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. அதாவது எதிரில் வருகிறவன் கண்ணுக்கு. இத்தனை நாள் நான் யாரையெல்லாம் திட்டிக்கொண்டு ஓட்டினேனோ, அவர்களும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதுவும் நான் டிம்மில் போகும்போது.

கண்ணாடி என்கிறோம்

ஹெட்லைட் கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அதில் கண்ணாடியே கிடையாது. மாமா ஓட்டிய லாரிகளில் இருந்தது கண்ணாடி: ஏழு அங்குல வட்டம், உள்ளே கோடு கோடாக வார்த்திருக்கும், நியூஸ்பேப்பரை நனைத்துத் துடைத்தால் புதிது. அம்பாசடரிலும் அதே வட்டம்தான். அமெரிக்காவில் 1940 முதல் எல்லாக் கார்களுக்கும் குறிப்பிட்ட அளவுள்ள, மூடி ஒட்டிய கண்ணாடி விளக்குதான் என்று விதி இருந்தது. 1983-இல் அந்த விதி தளர்ந்த பிறகுதான் பிளாஸ்டிக் முகப்புக்கும், காரின் மூஞ்சிக்கேற்ப வளைந்த விளக்குக்கும் அங்கே வழி பிறந்தது. அந்த வளைவுகளுக்கு நாம் கொடுக்கிற விலைதான் இந்த மஞ்சள்.

பிளாஸ்டிக் என்றாலும் மட்டமான சரக்கு இல்லை. பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே வருஷத்தில் கண்டுபிடித்தது. ஹெல்மெட் முகமூடி, சிடி, போர் விமானத்தின் விதானம் எல்லாம் அதுதான். சுத்தியால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் இரண்டு விஷயத்தில் சவலைப் பிள்ளை: லேசாக உரசினாலே கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மேல்தோலில் வேதிப்பிணைப்புகள் அறுந்து மஞ்சளாகும். அதனால் கம்பெனியிலேயே இதன்மேல் ஒரு கடினமான பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். சுமார் 10 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏழில் எட்டில் ஒரு பங்கு. வெயிலையும் மணலையும் வாங்கிக்கொள்வது அந்தப் பூச்சுதான். அது செத்த பிறகு பிளாஸ்டிக் தனியாக நிற்கிறது.

இது தெரிந்த பிறகு மறுநாள் காலை காரைப் பார்த்தபோது, அது எங்கே எப்படி நின்றிருக்கிறது என்பதன் பதினோரு வருஷ வரலாறு விளக்கில் எழுதியிருந்தது. வீட்டு வாசலில் காரின் மூக்கு எப்போதும் மேற்கே பார்த்து நிற்கும். வலது விளக்கு காம்பவுண்டுச் சுவரோரம், புங்க மர நிழலில். இடது விளக்கு தெற்குப் பக்கம், திறந்த வெயிலில். வலதில் மேல் விளிம்பில் மட்டும் மஞ்சள் கோடு. இடதிலோ மேல்பாதி முழுக்க மஞ்சள், அதற்குள் மீன்வலை போல மெல்லிய வெடிப்புகள். நகத்தால் வருடினால் தட்டுப்படாது. சாய்வெயிலில் பார்த்தால்தான் தெரியும். வாகனம் ஓடுவதைவிட நிற்கிற நேரம் அதிகம் என்பதை ஊரில் பார்க்கிங் சண்டை போடுகிற யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

2018-இல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் இதை அளந்து பார்த்திருக்கிறது. மங்கிப்போன விளக்கிலிருந்து வந்த வெளிச்சம், புது விளக்கு தருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தேய்த்துச் சரிசெய்தபின் சுமார் 70 சதவீதம் வரை மீண்டது. ஐந்தில் ஒரு பங்கோடு நான் தொப்பூரில் இறங்கியிருக்கிறேன். பக்கத்தில் மாமாவை வேறு உட்காரவைத்துக்கொண்டு.

இதைக் கண்புரையோடு ஒப்பிடாதவர்கள் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. கண்புரை உள்ளே வருவது. இது வெயில் பட்ட வெளித்தோல் மட்டும். உள்ளே இருக்கிற இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. அதுதான் ஆறுதலும்.

பற்பசை வைத்தியம்

விசாரிக்க ஆரம்பித்ததும் தெருவே வைத்தியராகிவிட்டது. பற்பசை தேய்க்கச் சொன்னவர்கள் நாலு பேர். ஒருவர் கொசு விரட்டும் தைலத்தைத் துணியில் விட்டுத் துடைக்கச் சொன்னார். மேல்வீட்டுக்காரர் மண்ணெண்ணெய். சர்வீஸ் சென்டரில் ஒரு பேச்சும் இல்லை: மொத்த அசெம்ப்ளி மாற்ற வேண்டும், ஒரு பக்கம் நாலாயிரத்து முந்நூறு, கூலி தனி. கார் இருக்கிற இருப்புக்கு அது அதிகம். சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பழைய விளக்கு தேடிப் போனேன். அங்கே அடுக்கியிருந்தவற்றில் பாதி என் விளக்கைவிட மஞ்சள். தெளிவாக இருந்த ஒரே ஜோடி, வாங்கிய ஆறே மாதத்தில் பின்பக்கம் அடிபட்டு மொத்தமாக நசுங்கிய கார் ஒன்றினுடையது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

பற்பசையில் இருப்பது நுண்ணிய சுண்ணாம்புத்தூளோ சிலிக்காவோதான், அதனால் கொஞ்சம் தேய்க்கும். மேலோட்டமான மங்கல் போகும். சில வாரங்களில் திரும்ப வரும். கொசுத் தைலம் மோசம். அதில் இருக்கிற டீட் என்ற ரசாயனம் பாலிகார்பனேட்டைக் கரைக்கும். மேல்தோல் இளகிச் சமமாகி, துடைத்த நிமிஷத்தில் பளபளக்கும். பார்க்கிறவர் கைதட்டுவார். அப்புறம் இளகிய தோல் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, வெடிக்க ஆரம்பிக்கும். தின்னர், பெட்ரோல் எல்லாம் இதே சாதி.

இந்தப் பளபளப்பு யாருக்குப் பயன்படும் என்று யோசித்தால் ஒரே ஒருவர்தான் தோன்றுகிறார்: காரை அடுத்த வாரம் விற்கப்போகிறவர். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. இந்தக் காருக்கு முன்னால் நான் வைத்திருந்த பழைய வண்டியை ஒருவரிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது, அதன் விளக்குகள் கண்ணாடி வளையல் மாதிரி மின்னின. வண்டியை எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்று மயங்கி, இரண்டாயிரம் ரூபாய் பேரத்தை விட்டுக்கொடுத்தேன். மூன்றாம் மாதம் விளக்கு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஏன் என்று தெரியாது. பெங்களூர் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளையாகப் போன சனிக்கிழமை

கடைசியில் நானே தேய்ப்பதென்று முடிவு செய்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது, திருவண்ணாமலைக்காரர் நடத்துகிறார். அவரிடம் போய் என்ன வாங்கணும் என்று கேட்டேன். “வாட்டர் பேப்பர் ஆயிரம், ஆயிரத்தஞ்சூறு, ரெண்டாயிரம். ரப்பிங் காம்பவுண்ட் ஒரு சின்ன டப்பா. மாஸ்கிங் டேப். பொறுமை உங்க வீட்ல இருக்குதா சார்?” என்றார். பொறுமையைத் தவிர மற்றதெல்லாம் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தேன். விளக்கைச் சுற்றிப் பெயின்ட்டில் டேப் ஒட்டினேன். ஒரு சுற்றுப் போதும் என்று நினைத்தேன். போதாது என்பதற்கு பம்பர் ஓரத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மங்கல் இன்றும் சாட்சி. உப்புத்தாளில் நம்பர் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்; பயத்தில் இருப்பதிலேயே நைஸான ரெண்டாயிரம் நம்பர் பேப்பரில் ஆரம்பித்தேன். அரைமணி நேரம் தேய்த்தும் மஞ்சள் அசையவில்லை. அந்தப் பூச்சு செத்துவிட்டது என்று சொன்னேனே, செத்தாலும் பிளாஸ்டிக்கைவிடக் கடினம். ஆயிரத்துக்கு இறங்கினேன். அதற்கும் முரண்டு பிடித்தது. பட்டறைக்கு ஓடி எண்ணூறு வாங்கிவந்தேன்.

எண்ணூறில் நாலு இழுப்பு இழுத்ததும் விரலிடுக்கில் மஞ்சள் பால் ஒழுகியது. கடலைமாவு கரைத்த தண்ணீர் மாதிரி. அதுதான் பூச்சு. பார்க்கத் திருப்தியாக இருந்தது, அதனால் வேகமாகத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கின் மேல் தேமல் போலத் திட்டுத் திட்டாக வந்தது. பூச்சு போன இடம் ஒரு மாதிரி, போகாத இடம் ஒரு மாதிரி, நடுவே கரை கட்டிய தீவுகள். இந்தத் தீவுகள் எல்லாம் கரைந்து, ஒழுகுகிற பால் மஞ்சளிலிருந்து சுத்த வெள்ளைக்கு மாறும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் அந்தக் கரைகள் கடைசிவரை தெரியும். இடது விளக்குக்கு மட்டும் ஐம்பது நிமிஷம் ஆனது.

பால் வெள்ளையானதும் துணியால் துடைத்துவிட்டு எழுந்து நின்றேன். வெயில் ஏறியிருந்தது. ஈரம் காயக் காய விளக்கு வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு நிமிஷத்தில் குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி முழு வெள்ளையாகிவிட்டது. உள்ளே இருந்த பல்பு தெரியவில்லை. பல்பின் ஒளியை ரோட்டுக்குத் திருப்பிவிடுகிற வெள்ளிநிறக் கிண்ணம் தெரியவில்லை. முன்னாவது மஞ்சளாக இருந்தாலும் ஒரு விளக்கு இருந்தது. இப்போது விளக்கு இருந்த இடத்தில் மைதா மாவு அப்பிய ஒரு பள்ளம். வீட்டு ஓனரம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “அய்யோ, என்ன சார் ஆச்சு?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன். வயிற்றைக் கலக்கியது. நாலாயிரத்து முந்நூறு, கூலி தனி.

என்ன செய்வதென்று தெரியாமல், சும்மா, கையில் இருந்த மக்கில் தண்ணீர் எடுத்து அதன்மேல் ஊற்றினேன். விளக்கு திறந்துகொண்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் பல்பு, கிண்ணம், கிண்ணத்தின் மூலையில் படிந்திருந்த தூசி வரை தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் இறங்க இறங்க மேலிருந்து வெள்ளை திரும்ப மூடிக்கொண்டு வந்தது. இன்னொரு மக் ஊற்றினேன். திறந்தது. காய்ந்தது, மூடியது. எத்தனை முறை ஊற்றினேன் என்று நினைவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஊற்றினாள்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதே, அதே கதை. காய்ந்த வேட்டியில் நூலுக்கு நூல் இடையில் காற்று. ஒளி காற்றிலிருந்து நூலுக்குள், நூலிலிருந்து காற்றுக்கு என்று மாறி மாறிப் போகும்போது ஒவ்வொரு எல்லையிலும் சிதறுகிறது. சிதறிய ஒளிதான் நம் கண்ணுக்கு வெள்ளை. தண்ணீர் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் எல்லைகள் மங்கிவிடும். இங்கே நூலுக்குப் பதில் எண்ணூறு நம்பர் பேப்பர் போட்ட பள்ளங்கள். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிகார்பனேட்டுக்கு சுமார் 1.58, தண்ணீருக்கு 1.33. பள்ளத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் உட்கார்ந்ததும் வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஒளிக்குத் தடுக்கிவிழ இடமில்லை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷம் இந்த மஞ்சள் ஏன் என் கண்ணில் படவில்லை? ஞாயிற்றுக்கிழமைதான் நான் காரை நின்று பார்க்கிற நாள். அன்றைக்கு அது நனைந்திருக்கும். பைப்பைப் பிடித்துக் கழுவும்போதெல்லாம் பாதி மங்கலைத் தண்ணீர் நிரப்பி மறைத்திருக்கிறது. காய்வதற்குள் நான் சாப்பிட உள்ளே போயிருக்கிறேன்.

உங்கள் காரில் பார்க்க வேண்டுமானால் இதுவே நல்ல சோதனை. மங்கிய விளக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். தெளிந்தால் குறை வெளித்தோலில் இருக்கிறது, தேய்த்து எடுத்துவிடலாம். ஊற்றியும் தெளியாமல் கலங்கலாகவே இருந்தால் வெடிப்பு ஆழம், அல்லது உட்பக்கம் ஈரம் புகுந்து படிந்திருக்கிறது. உட்பக்கத்துக்கு வெளியே எவ்வளவு தேய்த்தாலும் புண்ணியமில்லை.

மிச்சக் கதை சுருக்கமானது. எண்ணூறுக்குப் பின் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரம். ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. அப்போதுதான் முந்தைய கோடுகள் போனதா இல்லையா என்று தெரியும். ஒவ்வொரு பேப்பரும் முந்தையது போட்ட பள்ளத்தை அழித்துத் தன்னுடைய சின்னப் பள்ளத்தைப் போட்டுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான் வேலை. கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானில் பாதி அளவு. பள்ளம் அதைவிட நன்றாகச் சின்னதாகிவிட்டால் ஒளி அதைச் சட்டை செய்யாது. காம்பவுண்ட் செய்வது அந்தக் கடைசி வேலை. எதிர்வீட்டுப் பையனின் டிரில் மெஷினில் கம்பளி பேட் மாட்டி ஓட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தினால் சூட்டில் பிளாஸ்டிக் இழுபட்டுவிடும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு விளக்கும் புதிதுபோல் இருந்தன. மீன்வலை வெடிப்பில் இரண்டு மூன்று இழை மட்டும் ஆழமாக இருந்தன, விட்டுவிட்டேன். போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

காயாத தண்ணீர்

ஏழு மாதம். சித்திரை வெயில் முடிவதற்குள் இடது விளக்கு பழையபடி மஞ்சள். முன்னைவிட வேகமாக.

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பட்டறைக்காரரிடம் போய் முறையிட்டேன். அவர் விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சட்டையக் கழட்டிட்டு வெயில்ல நிக்க வெச்சா கறுக்காம என்ன சார் பண்ணும்?” நான் செய்தது அதுதான். மஞ்சளை எடுக்கிறேன் என்று மிச்சம் மீதியிருந்த பூச்சையும் சேர்த்து வழித்துவிட்டு, அம்மணமான பாலிகார்பனேட்டை பாலிஷ் போட்டு வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அப்படியே விடுவதென்றால் மாதமொரு முறையாவது மெழுகு தடவிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் பாதிக் காவல்தான். விற்பனைக்குத் தேய்ப்பவரும் நானும் செய்த வேலையில் வித்தியாசம் ஒன்றுமில்லை. என் நோக்கம் வேறு என்பது விளக்குக்குத் தெரியாது.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். கிளியர் அடிக்கணும் என்றார். காரின் பெயின்ட்டுக்கு மேல் அடிக்கிற, நிறமில்லாத அதே டூ-கே கிளியர் கோட், இறுகவைக்கிற ஹார்டனர் கலந்தது. வீட்டில் நானே அடிக்கலாமா என்றேன். வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னார். அந்த ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் புகை நுரையீரலுக்கு விஷம், ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. நீங்க தேய்ச்சுக் கொண்டாங்க, வேறு வண்டிக்கு பம்பர் அடிக்கும்போது மிச்சத்தை இதுக்கும் அடிச்சுத் தர்றேன், ஐந்நூறு கொடுங்க என்றார்.

சரி என்று மறுபடி ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பூச்சு ஏற்கெனவே இல்லாததால் இந்த முறை ஆயிரம் நம்பரே போதுமாக இருந்தது. ஆயிரத்தைந்நூறு முடித்து, ரெண்டாயிரத்தை எடுக்கும்போது போன் செய்து கேட்டேன், காம்பவுண்டும் போட்டுப் பளபளப்பாகக் கொண்டுவரவா என்று. “ஐயோ, காம்பவுண்டே வேணாம். ஆயிரத்தஞ்சூறோட நிறுத்திருங்க. பளபளன்னு இருந்தா கிளியர் பிடிக்காது, உரிஞ்சுரும்.”

அப்படியே, அந்த மைதா மாவு நிறத்தில், இரண்டு கண்ணும் குருடாகக் காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். அவர் தூசி துடைத்து, டேப் ஒட்டி, ஸ்பிரே துப்பாக்கியை ஒருமுறை சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு, இடது விளக்கின் மேல் ஒரே வீச்சாக இழுத்தார். எட்ட நிற்கச் சொல்லியிருந்தார்; ஷட்டருக்கு வெளியே நின்று பார்த்தேன். வெள்ளை, துப்பாக்கி போகிற வேகத்தில், இடமிருந்து வலமாகத் திறந்துகொண்டு போனது. உள்ளே பல்பு, கிண்ணம், மூலையில் அதே தூசி. மக்குத் தண்ணீர் ஊற்றியபோது பார்த்த அதே காட்சி. பள்ளங்களை நிரப்பத்தான் வேண்டும், அவ்வளவுதான். போன முறை நான் மூன்று மணி நேரம் கம்பளி பேடை வைத்து எந்தப் பள்ளங்களை அழிக்கப் பாடுபட்டேனோ, அவற்றை இந்த மனிதர் பத்து விநாடியில் நிரப்பிவிட்டார், அதுவும் காயாத தண்ணீரால். காய்ந்து மூடிக்கொள்ளுமோ என்று பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மூடவில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது காரை வாசலில் திருப்பி, மூக்கு கிழக்கே பார்க்க நிறுத்துகிறேன். இடது விளக்குக்குப் புங்க மர நிழல் வரட்டும் என்று; பதினோரு வருஷம் வலதுக்குக் கிடைத்தது, இனி இதற்கு. ஓனரம்மா இரண்டு முறை காரணம் கேட்டார். சொன்னேன். தன் ஸ்கூட்டரையும் அன்றிலிருந்து திருப்பி நிறுத்துகிறார். அதன் விளக்கு கண்ணாடிதானா பிளாஸ்டிக்கா என்று நான் பார்க்கவில்லை.

போன தை மாதம் நாமக்கல்லுக்குப் போனபோது மாமா கூட வந்தார். தொப்பூரில் இறங்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். சீட்டில் நன்றாகச் சாய்ந்து, மேட்டூர் பக்கம் ஒரு செக்போஸ்ட்டில் நடந்த பழைய சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார், பேச்சு நிற்கவே இல்லை. விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை. வீடு சேர்ந்து பையை இறக்கியதும், தெருவிளக்கு வெளிச்சத்தில் காரின் முன்னால் போய்க் குனிந்து இரண்டு விளக்கையும் பார்த்தார். இடது விளக்கின் அடிமூலையில், பம்பர் மடிப்புக்குள் பேப்பர் நுழையாமல் நான் விட்டுவிட்ட சுண்டுவிரல் நக அளவு மஞ்சளில் விரலை வைத்தார்.

“இத விட்டுட்டியே மாப்ளே” என்றார்.